புதுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

தம்பதிகளே, புதுக் கிணறு தோண்டுகிறீர்களா? இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு இறங்கி, நிலத்தடி நீர் கெட்டுப்போனது. அந்தப் பக்கத்தில் தோண்டும்போது மண்ணோ ஊற்றோ மஞ்சளாகத் தெரிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டு, மரக்கரண்டியால் மண்ணெடுத்துப் புதுப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். தண்ணீர் தெளிவா இருந்தாலும் பரிசோதனை வேண்டும். கிணற்றை நன்றாக இறைத்த பிறகே மாதிரி பிடிக்கவும். பினாயில், எண்ணெய் இருந்த பாட்டில் ஆகவே ஆகாது. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணியால மூணு தரம் அலசி நிரப்பி, ஊர், ஆழம், தேதி எழுதி ஒட்டுங்கள். அன்றைக்கே குடிநீர் வடிகால் வாரியப் பரிசோதனைக்கூடத்தில் சேர்த்து, குரோமியம் பார்க்கச் சொல்லுங்கள்.

“கொதிக்க வச்சா சரியாயிடும்” என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். கிருமி சாகும்; குரோமியம் போகாது. முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர்தான். மனைவி கர்ப்பமாயிருந்தால் குடத்தைக் கணவர் சுமக்கட்டும்.