வன்பொருளும் மென்பொருளும்

மைசூரில் 1969-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், 1990-களில் தமிழ், கன்னடம் முதலிய மொழிகளின் உரைகளைத் திரட்டிக் கணிப்பொறியில் ஏற்றியது. இதற்கு மொழிதோறும் தனிப்பொறி தேவைப்படுவதில்லை. விசைப்பலகை, மையச் செயலகம், நினைவகம், திரை ஆகியன கைக்குத் தட்டுப்படும் வன்பொருள்கள். அவற்றுக்கு மொழி தெரியாது. அவை கையாள்வன எண்களே. இன்றைய யூனிகோடு முறையில் தமிழ்க் ககரத்தின் எண் 2965. கன்னடக் ககரத்தின் எண் 3221. அந்த எண்ணை எழுத்தாக வரைவதும், சொற்களை அகரவரிசையில் அடுக்குவதும் மென்பொருளின் பணி. மென்பொருள் என்பது பொறிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதி. எழுத்துக்கு மாறாக வெறுங்கட்டங்கள் திரையில் தோன்றினால், பொறி பழுதுற்றதென அலுவலகங்களில் எண்ணுவதுண்டு. பெரும்பாலும் அங்கே இல்லாதது அம்மொழிக்குரிய எழுத்துருவே. அதனைச் சேர்க்கப் புதிய பொறி வாங்க வேண்டுவதில்லை.