பத்திரத்தின் தேதியைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

நிலப் பத்திரங்களைப் பார்த்து லீகல் ஒப்பினியன் எழுதத் தொடங்கியிருக்கிறாய். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதோடு இன்னொன்றும் பழகிக்கொள்: எந்தப் பத்திரத்தையும் அது எழுதப்பட்ட நாளில் நடப்பில் இருந்த சட்டத்தோடு சேர்த்துப் படி.

தந்தையும் மகன்களும் மட்டும் கையெழுத்திட்டுப் பூர்வீக நிலத்தை 1987இல் விற்றிருந்தால், மகள் கையெழுத்து இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. அதே பத்திரம் 1992இல் எழுதியதென்றால் நீ கேட்டே ஆகவேண்டும். தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, 25.3.1989 முதல் மகளையும் பிறப்பால் பங்குதாரர் ஆக்கியது. அதற்கு முன்பே மணமானவருக்கும், பாகப்பிரிவினை முடிந்த குடும்பத்துக்கும் அது பொருந்தாது. ஆகவே மகளின் கல்யாணத் தேதியையும் விசாரி.

‘பட்டா உரிமையாகாது’ என்பது பொதுவாகச் சரி. இனாம் நிலத்தில் அதை அப்படியே சொல்லிவிடாதே. 1963ஆம் ஆண்டின் 30ஆம் எண் சட்டம் சிறு இனாம்களை ஒழித்து, நிலத்தை அரசிடம் சேர்த்தது. பிறகு விசாரணை நடத்தி ரயத்துவாரி பட்டா வழங்கினார்கள். அங்கே நீ தேட வேண்டியது அந்தப் பட்டாவை வழங்கிய செட்டில்மென்ட் உத்தரவைத்தான். அதற்கு முந்தைய கிரயப் பத்திரத்தை மட்டும் நம்பி எழுதாதே.

நிலத்தின் எண்ணும் மாறியிருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டப் (யுடிஆர்) பணியில் ஏக்கர், சென்ட் அளவுகள் ஹெக்டேர், ஏர்ஸ் என மாறின. பல புலங்களுக்குப் புதிய உட்பிரிவு எண் விழுந்தது. வங்கி கேட்கும் 30 வருட வில்லங்கம் இப்போது அந்தக் காலத்தைத் தொடுவதே இல்லை; அதற்கும் பின்னே போய்த் தேடு. அப்போதும் புது எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் பழைய எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாமல் போகலாம். இரண்டு எண்களையும் போட்டுத் தேடு. அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் வாங்கி, நான்கெல்லையைப் பத்திரத்தோடு ஒப்பிடு.

‘பதிவாகிவிட்டதே’ என்று கட்சிக்காரர் சொல்வார். தமிழ்நாடு பதிவு விதி 55ஏ(i)-ஐ 2025 ஏப்ரலில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்றது. அந்த ஆராய்ச்சிக்குத்தான் உனக்குக் கூலி.

புரோக்கர் அவசரப்படுத்துவார். கிடைக்காத ஆவணம் எது என்று ஒப்பினியனிலேயே எழுதிவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போடு.

அன்புடன்,
உன் அண்ணன்