பேறுகாலத்தில் மயக்கமும் விறைப்பும்

கருவுற்று இருபது வாரங்கள் கழிந்தபின் தாயரைப் பற்றும் நோய்களுட் கொடியது முன்சூல்வலிப்பு. குருதியமுக்கம் 160/110 என்னும் அளவை எட்டின் நோய் கடுமையாயிற்று என்பர் மருத்துவர். வலிப்புங் கண்டால் நம் முன்னோர் அதனைச் சன்னி என்று அஞ்சினர். நோயின் வேர் சூல்வித்தகத்தில் உள்ளமையால், மகவோடு அதுவும் வெளிவந்த பின்னரே நோய் தணியத் தொடங்கும். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேற்று ஏற்றுவர். அது வலிப்பு வரும் வாய்ப்பை ஏறக்குறையப் பாதியாக்கும் என்பது 2002இல் வெளிவந்த பேராய்வின் முடிபு.

வயிற்றைக் கீறி மகவை எடுக்க நேரின், தாயை முற்றாக மயக்குவதா, நாரியில் ஊசியிட்டுக் கீழுடலை மட்டும் விறைக்கச் செய்வதா என்னும் வினா எழும். "ஒன்றும் அறியாமல் உறங்கட்டும்" என வேண்டும் சுற்றத்தாரை நாம் கண்டுள்ளோம். அன்பின் வேண்டுகோளே அது. ஆயின் மயக்கத்தில் மூச்சுக்குழலுள் குழாய் செலுத்தவேண்டும். இந்நோயாளர்க்குத் தொண்டை வீங்கியிருத்தலால் குழாய் எளிதிற் செல்லாது; அது தொட்ட கணமே குருதியமுக்கம் சடுதியாக ஏறி, மூளையில் குருதிக்குழாய் வெடித்தலும் கூடும்.

நாரியில் ஊசியிடும் முறையை 1898இல் யேர்மனியின் கீல் நகரில் ஓகஸ்ட் பீர் என்பார் தொடக்கினார். எனினும், இந்நோயாளர்க்கு அதனை இட்டாற் குருதியமுக்கம் பாதாளத்துக்கு வீழும் என மருத்துவர் நெடுங்காலம் அஞ்சினர். அச்சம் அறிவுக்குப் பொருந்துவதாகவே தோன்றிற்று. சோதித்துப் பார்த்தபோதுதான் நிலைக்கவில்லை. 2003இல் பிரான்சு நாட்டார் வெளியிட்ட ஆய்வொன்றில், நலமுடைய தாயர் முப்பதின்மருள் பதினாறு பேர்க்கு அமுக்கம் தாழ்ந்தது. கடுநோயுற்ற முப்பதின்மருள் ஐவர்க்கே தாழ்ந்தது! இந்நோயில் குருதிக்குழாய்கள் சுருங்கியிருப்பது நரம்பின் ஏவலால் மட்டுமன்று. குருதியிற் கலந்த பொருள்களாலுமாம். ஆதலின் நரம்பு விறைத்தாலும் அவை முற்றத் தளர்வதில்லை என விளக்கங் கூறுவர்.

ஆயினும் ஊசி எல்லார்க்கும் ஆகாது. குருதியை உறையச் செய்வன குருதிச் சிறுதட்டுக்கள். (பிளேற்லெற் என்பதற்கு நம் பாடநூலோர் தந்த இப்பெயர் செவிக்கும் இனிது, பொருளும் விளக்கும்.) இந்நோயில் அவை விரைந்து குறைதலுண்டு. மைக்குரோலீற்றருக்கு 70,000க்குக் கீழே இறங்கின், ஊசி பட்ட இடத்திற் குருதி கசிந்து முண்ணாணை நெரித்துக் கால்களை முடமாக்குமோ என மருத்துவர் தயங்குவர். அதனாலேயே ஊசியிடுமுன் குருதிச் சோதனையின் முடிவை நோக்குகின்றனர். உறவினர் அதனை வீண் தாமதம் என்று சினத்தலாகாது. வலிப்புற்று நினைவு தெளியாதவர்க்கும், மகவின் உயிர் நொடிப்பொழுதில் ஊசலாடும் வேளையிலும் மயக்கமே வழியாகலாம். அப்பொழுதும் அமுக்கத்தைத் தணிக்கும் மருந்தை முன்னர்ச் செலுத்திய பின்னரே குழாயை எடுப்பர்.