ஓட்டுச்சீட்டும் தடுப்புக்காவலும்

மல்லாங்கிணறு

அன்பு மருமகளுக்கு,

இந்தியாவில் 18 வயது நிரம்பிய எல்லாருக்கும் ஓட்டு உண்டு. குற்றம் எதுவும் நிரூபணமாகாமல், வழக்கு விசாரணையும் இல்லாமல், ஒருவரை மாதக்கணக்கில் சிறையில் வைக்கும் சட்டமும் இதே நாட்டில் உண்டு. ஒன்று உரிமை, மற்றது அதற்கு நேர்விரோதமானதாகத் தெரிகிறது. ஆனால் வரலாற்றில் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். 20ஆம் நூற்றாண்டின் போர்கள் இரண்டையும் சேர்த்தே வளர்த்தன. போர் வந்தபோதெல்லாம் அரசுக்கு ஆளும் பணமும் தேவைப்பட்டன. அதற்கு ஈடாக மக்களுக்குக் கொஞ்சம் அதிகாரம் தர நேர்ந்தது. அதே கையோடு, சந்தேகப்பட்டவரை உள்ளே வைக்கும் அதிகாரத்தை அரசு தனக்கு எடுத்துக்கொண்டது. போர் முடிந்ததும் முதலாவது நிலைத்தது. இரண்டாவது பெயரை மாற்றிக்கொண்டு நிலைத்தது. இந்த வரலாற்றின் முக்கியமான சில கட்டங்கள் விருதுநகரில் நடந்தவை.

முதல் உலகப்போரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பிரிட்டனுக்காகக் கடல் கடந்து போனார்கள். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. போர் தமிழ்நாட்டின் வாசலுக்கும் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கி, எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. அடுத்த ஆண்டே இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் சென்னையில் யார்மீது பாய்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1917 ஜூனில் அன்னி பெசன்ட் அம்மையார் ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டார். அவர் எதிரிக்கு உளவு சொன்னவரல்ல, சுயாட்சி கேட்டவர். நாடு கொந்தளித்தது. ஆகஸ்ட் 20ஆம் தேதி, இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தரப்படும் என்று பிரிட்டிஷ் அரசின் இந்திய மந்திரி மாண்டேகு லண்டனில் அறிவித்தார். செப்டம்பரில் பெசன்ட் விடுதலையானார். வாக்குறுதியும் சிறையும் ஒரே கோடைக்குள் அடங்கிவிட்டன.

அந்த வாக்குறுதியை நம்பியவர்கள் நிறையப் பேர். 1918இல் காந்தியே குஜராத் கிராமங்களில் படைக்கு ஆள் திரட்டினார். போர் முடிந்ததும் கணக்குத் தீர்க்கப்பட்டது, ஆனால் இரண்டு தவணையாக. 1919 மார்ச்சில் வந்தது ரௌலட் சட்டம்; போர்க்காலக் காவல் அதிகாரத்தை அமைதிக் காலத்துக்கும் நீட்டியது. ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை. அரசே ஒப்புக்கொண்ட சாவு 379. அந்தச் செய்திதான் விருதுபட்டியில் (1923இல்தான் அது விருதுநகர் ஆனது) தம் மாமாவின் ஜவுளிக்கடையில் இருந்த காமராஜ் என்ற இளைஞரை அரசியலுக்கு இழுத்தது என்பார்கள். டிசம்பரில் வந்தது சீர்திருத்தச் சட்டம்.

அந்தச் சட்டப்படி 1920இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தது. 4 கோடிக்கு மேல் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் ஓட்டுரிமை பெற்றவர்கள் சுமார் 12.5 லட்சம் பேர். நகரத்தில் வரி கட்டியவர், கிராமத்தில் போதிய நிலம் வைத்திருந்தவர் ஆகியோருக்குத்தான் ஓட்டு. வானம் பார்த்த கரிசல் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்தவர்களுக்கு அதில் இடமே இல்லை. ஆனால் விதிகளில் ஒரு சின்ன ஜன்னல் திறந்திருந்தது: படையிலிருந்து ஓய்வு பெற்ற அல்லது விடுவிக்கப்பட்ட சிப்பாய், சொத்து இல்லாவிட்டாலும் ஓட்டுப் போடலாம். ஓட்டு எதற்கான விலை என்பதை அந்த ஒரு விதி ஒளிவுமறைவில்லாமல் காட்டுகிறது. பெண்களுக்கு ஓட்டுத் தரும் பொறுப்பை லண்டன் தட்டிக்கழித்து, மாகாணங்களின் தலையில் கட்டியது. பிரிட்டனில் 30 வயதைக் கடந்த பெண்களில் பெரும்பாலோர் போர் முடியும் தறுவாயில், 1918இல், ஓட்டுரிமை பெற்றிருந்தார்கள். இங்கே, பிரிட்டிஷ் மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை 1921இல் பெண்களுக்கும் ஓட்டு என்று தீர்மானித்தது. சொத்துத் தகுதி மட்டும் அவர்களுக்கும் விலக்கப்படவில்லை. ஆக, வீட்டுப் பத்திரம் அப்பா பெயரிலோ கணவன் பெயரிலோ இருந்த காலத்தில் எத்தனை பெண்கள் பயனடைந்திருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

1935 சட்டம் ஓட்டை இன்னும் அகலமாக்கியது. அப்போதும் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குத்தான் அது எட்டியது. 1937 தேர்தலில் காமராஜ் சாத்தூரிலிருந்து போட்டியின்றிச் சட்டசபைக்குப் போனார். ராஜாஜி பிரதமரானார், மாகாண முதல்வரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1939 செப்டம்பர் 3இல், வைசிராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட எந்த மந்திரிசபையோடும் அவர் கலந்தாலோசிக்கவில்லை. காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. சென்னையில் கவர்னர் ஆட்சி வந்தது. மக்கள் போட்ட ஓட்டு ஒரு வானொலி அறிவிப்புக்கு முன்னால் நிற்கவில்லை.

1940 டிசம்பரில், போரை எதிர்த்த தனிநபர் சத்தியாக்கிரகத்துக்கான பெயர்ப் பட்டியலுக்குக் காந்தியின் ஒப்புதல் வாங்க வார்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த காமராஜ் குண்டூரில் கைதானார். அவரை இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி வேலூர்ச் சிறையில் வைத்தார்கள். விசாரணை இல்லை, தண்டனைக்காலமும் இல்லை. 1941இல், அவர் உள்ளே இருக்கும்போதே, விருதுநகர் நகராட்சி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அரசு ஆபத்தானவர் என்று எழுதிப் பூட்டி வைத்த ஒருவரை அவருடைய ஊர் தன் முதல் குடிமகன் என்றது. சேர்மன் நாற்காலி மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தது. அந்த ஆண்டு நவம்பரில் விடுதலையாகி ஊருக்கு வந்தவர் பதவியை ஏற்ற வேகத்திலேயே விலகினார். முழு நேரமும் உழைக்க முடியாத பதவியில் ஒட்டிக்கொண்டிருப்பது முறையல்ல என்பது அவர் கணக்கு. அந்தத் தேர்வால் நகராட்சி நிர்வாகத்துக்கு எந்தப் பயனும் விளையவில்லை. அதன் பொருள் வேறு இடத்தில் இருந்தது.

1942 ஆகஸ்டில் நடந்தது இன்னும் சுவையானது. வெள்ளையனே வெளியேறு தீர்மானம் போட்ட காங்கிரசின் பம்பாய் மாநாட்டிலிருந்து திரும்பும் தலைவர்களைப் பிடிக்க ரயில் நிலையங்களில் போலீஸ் காத்திருந்தது. காமராஜ் அரக்கோணத்தில் சாதாரணப் பயணிபோல இறங்கி நழுவினார். ராணிப்பேட்டை, தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று சுற்றி, போராட்டத் திட்டத்தை ஆட்களிடம் சேர்த்துவிட்டு விருதுநகர் வந்து சேர்ந்தார். வேலை முடிந்ததும், இனி வந்து கைது செய்யலாம் என்று போலீசுக்குத் தாமே சொல்லி அனுப்பினார். அதன்பின் ஏறத்தாழ மூன்று ஆண்டு சிறை. வேலூர், அமராவதி, மறுபடி வேலூர். 1945 ஜூனில்தான் வெளியே வந்தார்.

அதே போர் பக்கத்து ஊரான சிவகாசிக்கு வேறு விதமாக வந்தது. வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றது. உள்ளூர்ச் சரக்குக்குச் சந்தை திறந்தது. 1940இன் வெடிபொருள் விதிகள் தயாரிப்பை லைசென்சுக்குள் கொண்டுவந்தன. ஸ்டாண்டர்டு பட்டாசுத் தொழிற்சாலை 1942இல் தொடங்கியதுதான். போர் ஓர் ஊரில் தலைவர்களை உள்ளே தள்ளியது, பக்கத்து ஊரில் முதலாளிகளை உருவாக்கியது.

சுதந்திரம் வந்தபின் இந்த இரட்டை வழக்கம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 326ஆம் பிரிவு, சொத்து, படிப்பு, சாதி, ஆண் பெண் என எதையும் பார்க்காமல் 21 வயதான எல்லாருக்கும் ஓட்டுத் தந்தது. அதே சாசனத்தின் 22ஆம் பிரிவு தடுப்புக்காவலுக்கு இடம் தந்தது. அமைதிக் காலத்துக்கும் செல்லும் தடுப்புக்காவலை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே எழுதி வைத்த ஜனநாயகம் உலகில் அரிது. பிரிவினைக் கலவரமும் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியும் அன்று சொல்லப்பட்ட காரணங்கள். ஒரு மாதத்துக்குள் தடுப்புக்காவல் சட்டம் நிறைவேறியது. சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே 19இல் பெரும்பான்மை நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்துக்கே சொல்லக்கூடாது என்றிருந்த ஒரு பிரிவை மட்டும் நீக்கினார்கள். நீதிமன்றத்தில் தோற்ற அதே கோபாலனைக் கண்ணூர் மக்கள் 1952இல் மக்களவைக்கு அனுப்பினார்கள்.

அந்த முதல் பொதுத்தேர்தலில் நாடு முழுக்க 17 கோடிக்கும் அதிகமான வாக்காளர்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 20 பேர்கூட இல்லை. அதனால் வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். மறைவுக்குள் போய், பிடித்த சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டும். முத்திரை குத்தும் வேலையெல்லாம் கிடையாது. காளை மாடு காங்கிரஸ் என்பது தெரிந்தால் போதும், இரட்டை மாடு பூட்டி உழுதவருக்கு அதைக் கண்டுபிடிப்பது சிரமமா என்ன? காமராஜ் அந்தத் தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மக்களவைக்குப் போனார்.

இலங்கை இந்தியாவுக்கு முன்பே, 1931இல், எந்தப் போரும் இல்லாமல் வயது வந்த எல்லாருக்கும் ஓட்டுத் தந்திருந்தது. ஆகப் போர் ஒன்றுதான் வழி என்று சொல்வதற்கில்லை. ஆனால் தந்ததைப் பறிக்கவும் அங்கே போர் தேவைப்படவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழர்களின் ஓட்டைப் பிடுங்கின. அவர்களில் பலரின் பாட்டன் பூட்டன் பழைய இராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள்.

1962 அக்டோபரில் சீனப்படை எல்லை தாண்டியது. 26ஆம் தேதி அவசரநிலை அறிவிக்கப்பட்டது. புதிய இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் விதிகளும் வந்தன. சண்டை ஒரு மாதத்தில் ஓய்ந்தது. அவசரநிலை 1968 ஜனவரி 10 வரை நீடித்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் விதிகள் சீனாவுக்கு எதிராகப் பயன்பட்டதைவிட உள்ளூர்க்காரர்களுக்கு எதிராகப் பயன்பட்டதே அதிகம். 1963இன் 16ஆவது திருத்தம் பிரிவினைப் பேச்சுக்குத் தடை போட்டது; திராவிட முன்னேற்றக் கழகம் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மு. கருணாநிதி இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி கைதாகிப் பாளையங்கோட்டைச் சிறையில் வைக்கப்பட்டார். அதே ஆண்டு கேரளத்தில் மார்க்சிஸ்ட் வேட்பாளர்கள் பலர் சிறையில் இருந்தபடியே சட்டமன்றத் தேர்தலில் வென்றார்கள். விருதுநகர் 1941இல் செய்ததை ஒரு மாநிலம் செய்தது. இந்தக் காலத்தில், 1967 தேர்தல் வரை, தில்லியிலும் சென்னையிலும் ஆண்டது காங்கிரஸ். 1964 முதல் அதன் அகில இந்தியத் தலைவர் காமராஜ். தம்மை வேலூரில் பூட்டிய அதே பெயருள்ள விதிகளால் அவருடைய கட்சி மற்றவர்களைப் பூட்டியது. பள்ளிக்கூடம், மதிய உணவு, அணைக்கட்டு என்று அவர் முதல்வராக இருந்த ஆட்சியைப் பாராட்டுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், தாண்டக்கூடாது.

1967 பிப்ரவரியில், அவசரநிலை இன்னும் அமலில் இருந்தபோதே, தேர்தல் நடந்தது. அரிசித் தட்டுப்பாடும் மொழிப் போராட்டத்தின் காயமும் ஓட்டைத் தீர்மானித்தன. சொந்த ஊரான விருதுநகரில் காமராஜ், மொழிப் போராட்ட மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். மக்கள் தந்த தீர்ப்பு என்று அதை ஏற்றுக்கொண்டார். அன்று இந்தப் பகுதி முழுவதும் இராமநாதபுரம் மாவட்டம். 1985இல்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. எங்கள் மல்லாங்கிணறு மக்களவைக்கு இன்றும் இராமநாதபுரம் தொகுதியில்தான் ஓட்டுப் போடுகிறது.

1971இல் வங்கதேசப் பிரச்சினை முற்றியபோது மிசா என்ற தடுப்புக்காவல் சட்டம் வந்தது. டிசம்பர் 3இல் பாகிஸ்தானுடன் போர் மூண்டு அவசரநிலையும் வந்தது. போர் இரண்டு வாரத்தில் வெற்றியில் முடிந்தது, மிசா முடியவில்லை. 1975 ஜூன் 25இல், உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணம் சொல்லி, இரண்டாவது அவசரநிலை முதலாவதன்மேல் ஏறியது. அதை எதிர்த்த காமராஜ் அக்டோபர் 2இல் காலமானார். 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும் தமிழ்நாட்டில் மிசா கைதுகள் குவிந்தன. முன்னாள் மேயரும் மக்களவை உறுப்பினருமான சிட்டிபாபு சென்னைச் சிறையில் அடிபட்டு, பிறகு இறந்தார். அவசரநிலையில் ஆட்கொணர்வு மனு செல்லாது என்று ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, எச்.ஆர். கன்னா என்ற ஒரே நீதிபதி மறுத்து எழுதினார். 1977 தேர்தலில் மக்கள் அந்த ஆட்சியை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மிசா ஒழிந்தது. 44ஆவது திருத்தம், இனி உள்நாட்டுக் குழப்பம் என்று சொல்லி அவசரநிலை கொண்டுவர முடியாது என்றது. உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவை அவசரநிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்றது. அமெரிக்கா வியட்நாம் போரின் நடுவே, 1971இல், ஓட்டு வயதை 18 ஆக்கியது: சாக அனுப்பும் வயதில் ஓட்டு ஏன் இல்லை என்று அங்கே பிள்ளைகள் கேட்டார்கள். இந்தியாவில் 61ஆவது திருத்தம் போர் எதுவும் இல்லாமலே 1989இல் அதைச் செய்தது. உன்னால் இப்போது வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முடிவது அந்தத் திருத்தத்தால்.

காவல் சட்டங்களும் திரும்பி வந்தன. 1980இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம். 1982இல் தமிழ்நாட்டின் சொந்தச் சட்டம், பேச்சுவழக்கில் குண்டாஸ். குண்டாஸில் மாவட்ட ஆட்சியரோ போலீஸ் கமிஷனரோ ஆணையிட்டு உள்ளே தள்ளலாம்; மாநில அரசு உறுதிசெய்தால் ஓராண்டு வரை வைக்கலாம். காவலில் உள்ளவருக்குக் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அவர் ஆட்சேபம் தெரிவிக்க வாய்ப்புத் தரவேண்டும். அறிவுரைக் குழுமம் அந்த ஆணையைப் பரிசீலிக்கவேண்டும். ஆனால் அந்தக் குழுமத்தின் முன் வழக்கறிஞர் வைத்து வாதாடும் உரிமை அவருக்கு இல்லை. குழுமத்தின் கருத்து இல்லாமல் ஒருவரை மூன்று மாதத்துக்குமேல் வைக்கக்கூடாது என்பது 22ஆம் பிரிவு. 44ஆவது திருத்தத்தின் 3ஆம் பிரிவு அந்த மூன்று மாதத்தை இரண்டாகக் குறைத்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் தந்த பிறகு, அது எந்தத் தேதியிலிருந்து அமலுக்கு வரும் என்று மத்திய அரசு அறிவிக்கவேண்டும். 1979 முதல் தில்லியில் எத்தனையோ ஆட்சிகள் மாறியும் அந்த அறிவிப்பு வெளியாகவில்லை.

அன்புடன்,
மாமா