இனிப்பும் புகைமணமும் சேர்ந்த மாட்டுக்கறி டாக்கோ

அரைக் கிலோ மாட்டுக் கொத்துக்கறிக்கு இரும்புச் சட்டிதான் சரி. சட்டி நன்றாகக் காய்ந்ததும் கறியைப் பரப்பிவிட்டுக் கை வைக்காமல் விடுங்கள். அடிப்பக்கம் பழுப்பேறிச் சட்டியை விட்டுத் தானாக எழும்பும்போது உடைத்துக் கிளறுங்கள். ஆரம்பத்திலேயே கிளறினால் நீர்விட்டு வெந்துபோகும்; அந்த வறுபட்ட ருசி வரவே வராது.

கறியை ஓரமாக ஒதுக்கி, அதே கொழுப்பில் வெங்காயம், பூண்டு, சீரகத்தூள் வதக்குங்கள். புகைமணத்துக்கு மெக்சிகோவின் சிப்போட்லே. பழுத்த ஹலப்பேனோ மிளகாயைப் புகையிலேயே உலர்த்துவதால் வரும் மணம் அது. சாதா மிளகாய்த்தூள் ஈடாகாது. சிப்போட்லே, அடோபோ என்ற சாஸில் ஊறியபடி டப்பாவில் கிடைக்கும். இரண்டை நசுக்கிப் போட்டுக் கறியோடு சேர்த்துக் கிளறினால் போதும். இனிப்புக்கு அங்கே பிலோன்சியோ என்ற கரும்பு வெல்லம். நம் வெல்லமும் அருமையாகப் பொருந்தும். ஒரு மேசைக்கரண்டி, அதுவும் கடைசியில்தான். முன்னே போட்டால் அடிப்பிடித்துக் கசக்கும். கறியின் உள்சூடு 71 டிகிரி செல்சியஸ் எட்டியிருக்க வேண்டும்.

டாக்கோவுக்கான மக்காச்சோள ரொட்டியான டோர்ட்டியாவை எண்ணெயில்லாத கல்லில் இருபுறமும் வாட்டித் துணியில் சுற்றி வைத்தால் மடிக்கும்போது உடையாது. அதில் கறியை வைத்து, மேலே பொடியாக நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி. எலுமிச்சை பிழிய மறக்காதீர்கள், இனிப்பு திகட்டாமல் காப்பது அதுதான்.