பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே சேர்ப்போம்

"காது கேக்காத புள்ள பள்ளிக்கூடம் போயி என்ன பண்ணும்?" என்ற பேச்சு நம் குழுக் கூட்டங்களில் அடிக்கடி வருகிறது. சகோதரிகளே, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது நம் விருப்பம்.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிப்பதை உள்ளடங்கிய கல்வி என்கிறார்கள். ஆனால் சேர்த்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே பேசினால் வாயசைவு தெரியாதே! முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்லிக் கேட்கணும். வட்டார வள மையச் சிறப்பாசிரியர் எந்தக் கிழமை வருவார் என்றும் விசாரிக்கணும்.

மற்ற பிள்ளைகள் கேலி பண்ணுமோ என்ற பயம் நியாயம்தான். ஆனால் சைகையைச் சீக்கிரம் கற்றுக்கொள்வதும் அதே பிள்ளைகள்தான். பெரியவங்க நமக்குத்தான் கூச்சம்.

எட்டாம் வகுப்பு வரை வருட நடுவிலும் சேர்க்கலாம். தலைமையாசிரியரைப் பார்க்க அந்த அம்மா தனியாகப் போக வேண்டாம்; குழுவாகவே போவோம்.