நவரைக்கு நாற்று விடும் முன்…

சம்பா அறுப்பு முடிகிற கையோடு நவரைக்கு இறங்குவது நம்ம காஞ்சிபுரம் பக்கத்து வழக்கம். மார்கழி, தையில் விதைத்து சித்திரையில் அறுக்கிற பட்டம். மழையை நம்பி வளர்கிற பயிர் இல்லை இது. ஏரியில் தேங்கினதும் கிணற்றில் ஊறுவதும்தான் இதற்குத் தண்ணீர். அதனால் விதை வாங்கக் கிளம்பும் முன்னே இரண்டு கணக்குப் போட்டாகணும். ஒன்று தண்ணீர்க் கணக்கு, இன்னொன்று ஆள் கணக்கு.

ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், மணிமங்கலம், தென்னேரி என்று நம்மைச் சுற்றி ஏரிகளுக்குக் குறைவில்லை. கார்த்திகையில் கலங்கல் வழிந்ததைப் பார்த்து, "இந்த வருஷம் கவலையே இல்ல"ன்னு சொல்லிடறோம். ஆனால் நமக்கு வேண்டியது பங்குனிக் கணக்கு. தை முதல் நாள் விதைத்தால், 110 நாள் நெல் சித்திரை மூன்றாம் வாரம் அறுப்புக்கு வரும். அது கதிர் தள்ளுவது பங்குனிக் கடைசியில், நல்ல வெயிலில். அந்த நேரம் தண்ணீர் விட்டுப்போனால் பதர்தான் மிஞ்சும். சம்பாவுக்குப் போக ஏரியில் எவ்வளவு நிற்கிறது? மதகு ஒழுகுகிறதா? இதை நேரில் போய்ப் பார்க்கணும். ரோடும் சுற்றுச்சுவரும் வந்தபிறகு, ஏரி நிறைந்திருந்தும் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாத இடங்கள் உண்டு. மதகில் இருந்து நம்ம வரப்பு வரை வாய்க்காலோடு ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது.

தண்ணீர் சந்தேகமாக இருந்தால் முழு நிலத்திலும் நெல் வைக்க வேண்டாம். ஒரு ஏக்கர் நெல் குடிக்கிற தண்ணீரில் இரண்டு ஏக்கர் வேர்க்கடலை வந்துவிடும். உளுந்துக்கு இன்னும் குறைவு. பயிர்ச் செலவுக்குக் குழுவில் கடன் கேட்கிற உறுப்பினரிடம், "தண்ணிக்கு என்ன வழி?" என்று கூட்டத்திலேயே கேட்பது தப்பில்லை. பயிர் காய்ந்துபோனாலும் தவணை கட்டித்தானே ஆகணும்?

இனி ஆள் கணக்கு. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவர ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை திறந்தது. அடுத்தடுத்து எத்தனையோ வந்தன. விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் வந்து நம்ம பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. மாதச் சம்பளம் வருகிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நடவுக்கு வரப்பில் வந்து நிற்பது இன்றைக்கும் ஐம்பது வயதைத் தாண்டின நாம்தான்.

இந்த நிலைமைக்குப் பொருந்துவது பாய் நாற்றங்கால். பழைய முறையில் ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்காலும் 24 கிலோ விதையும் வேண்டும். திருந்திய நெல் சாகுபடியில் 1 சென்ட் நாற்றங்கால், 2 முதல் 3 கிலோ விதை போதும். வீட்டுப் பக்கத்திலேயே சமமான இடத்தில் பாலிதீன் ஷீட்டை விரித்து, மேலே மரச்சட்டம் வைக்கணும். ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், நான்கு சென்டிமீட்டர் உயரம் இருந்தால் சரி. பழைய பேக்கிங் பலகையே போதும். ஏழு பங்கு மண், இரண்டு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு உமி கலந்து சட்டத்தை நிரப்பி, முளைகட்டிய விதையைத் தூவி, மேலே லேசாக மண்ணால் மூடணும். முதல் ஐந்து நாள் பூவாளியால் மட்டும் தண்ணீர். 14-ஆம் நாள் பாய் மாதிரி சுருட்டி எடுத்துப்போய், 25 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்துக்கு ஒரு நாற்றாக நடலாம்.

இதிலும் சிரமம் உண்டு. இளம் நாற்று, அதனால் வயல் மேடு பள்ளம் இல்லாமல் இருக்கணும். கோனோவீடரை நான்கு தடவை உருட்டணும், ஈர மண்ணில் அது கை வலிக்கிற வேலை. இரண்டு பேர் மாற்றி மாற்றித் தள்ளினால் சமாளிக்கலாம். இயந்திர நடவு செய்வதாக இருந்தாலும் பாய் நாற்றுதான் வேண்டும். ஆனால் அதற்கு விதை கூடுதலாகப் பிடிக்கும், இயந்திரக்காரரிடம் தட்டு அளவை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளணும். அக்கம்பக்கத்து வயல்களுக்குச் சேர்த்துப் பாய் நாற்று வளர்த்து விற்பது குழுவுக்கே ஒரு தொழிலாகும் என்பது நம் எண்ணம்.

ரகம் 120 நாளைத் தாண்டக் கூடாது. கோ 51, ஏடிடி 37 இரண்டும் நவரைக்கு ஏற்றவை. இட்லிக்கு வேண்டுமென்றால் ஏடிடி 37, அது குண்டு நெல்.

விதை தேர்வு செய்ய ஒரு கோழி முட்டை போதும். பத்து லிட்டர் தண்ணீரில் புது முட்டையைப் போட்டால் மூழ்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வந்தால், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கரைந்ததும் முட்டை மிதந்து, ஓடு காசளவு வெளியே தெரியும். முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டினால் பொக்கு எல்லாம் மேலே வந்துவிடும். அடியில் தங்கினதை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசணும், உப்பு தங்கினால் முளைப்பு கெடும். பிறகு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்த தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, வடித்து, ஈரச் சாக்கில் ஒரு நாள் மூட்டம் போட்டால் முளை எட்டிப் பார்க்கும்.

வேர்க்கடலை போடுகிறவர்கள் ஏக்கருக்கு 50 கிலோ பருப்புக்கும் 160 கிலோ ஜிப்சத்துக்கும் சொல்லி வைக்கணும். ஜிப்சத்தில் பாதி அடியுரம். மீதியை 40, 45-ஆம் நாள் மண் அணைக்கும்போது போட்டால்தான் காய் திரட்சியாகப் பிடிக்கும்.

இன்னொரு வேலையையும் இப்போதே முடிக்கணும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட அடங்கல் கேட்பார்கள். நம்மில் பலருக்குப் பட்டா மாமனார் பேரில் இருக்கிறது, சிலர் குத்தகைக்குப் பயிர் வைக்கிறோம். நட்ட உடனே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, சாகுபடியை அடங்கலில் ஏற்றச் சொல்லுங்கள். சித்திரையில் நெல்லைக் களத்தில் கொட்டி வைத்துக்கொண்டு சான்றுக்கு அலைந்தால், நடுவில் ஒரு கோடை மழை வந்தாலும் நெல் முளைத்துவிடும்.